நம்பத்தகுந்த வட்டாரம்

8-6-1988, புதன்

அப்பா, மன்னிக்கணும். இங்கிலீஷ் எழுதிப் பழகிக்கோ என்று நீ கொண்டுவந்து கொடுத்த டைரி இது. நான் தமிழில் எழுதுகிறேன், அதுவும் யாருக்கும் உதவாத விஷயங்களை. நீ படிக்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.

போன வருஷத்து டைரி. கம்பெனியில் பெரியவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை, வருஷம் முடிந்தபிறகு வாசல் காவல்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா அதைச் சட்டைக்குள் வைத்து, சைக்கிளில் அம்பத்தூரிலிருந்து சேக்காடு வரை நனையாமல் கொண்டுவந்தார். அச்சடித்த கிழமை ஒன்றும் சேரவில்லை. திங்கள் என்று போட்ட பக்கத்தில் புதன்கிழமை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பி.ஏ. முடித்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. பதினாறு விண்ணப்பம் போட்டாயிற்று. எல்லாம் கைட் புத்தகத்தைப் பார்த்துக் கையால் எழுதியவை. பதில் வந்தது இரண்டுக்கு. இரண்டிலும் 'வருந்துகிறோம்'. வருந்துகிறவர்கள் ஒரே வரியில் வருந்தி முடித்துவிடுவார்கள் என்று தெரிந்துகொண்டேன். இதைக் கல்லூரியில் சொல்லித்தரவில்லை.

9-6-1988, வியாழன்

பக்கத்து வீட்டு ராணி அக்கா குழாயடியில் கேட்டாள்: "இன்னா வேம்பு, அம்மாம் படிப்பு படிச்சிட்டு இன்னும் ஊட்லயே கீற?" எட்டாவது தாண்டாதவள். பதில் தெரியாமல் சிரித்துவிட்டு வந்தேன். அவள் கேட்டதைவிட நான் சிரித்ததுதான் கேவலம்.

13-6-1988, திங்கள்

அப்பா சைக்கிளை நிறுத்துவதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"கம்பெனில டெஸ்பாட்ச்சுல கீற பொண்ணு வேலய உட்டுட்டுப் போவுதாம். கல்யாணமாம். வேற ஆள் எடுக்கப் போறாங்கோ."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கேட்டைத் தொறந்து மூடுறவன் நானு. எனக்குத் தெரியாம உள்ள இன்னா நடக்கும்?"

வெளியே போகும் கடிதங்களுக்கு விலாசம் எழுதி, பதிவேட்டில் ஏற்றி, தபால்தலை ஒட்டி அனுப்புவதுதான் வேலையாம். அது என்னால் முடியும். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்காகவே செய்த வேலை மாதிரி இருக்கிறது. ஆசைப்படப் பயமாக இருக்கிறது, ஆனால் படுகிறேன்.

சாப்பிட்டு முடித்தபிறகு அப்பா மெதுவாகச் சொன்னார்: "லெட்டர்ல என் பேரப் போட்டுக்கோம்மா. கேட் வீராசாமி பொண்ணுன்னு. குணசேகரன் சாரு கண்ணுல பட்டா போதும், உடமாட்டாரு. ஒம்போது வருசமா டெய்லி வணக்கம் வெச்சிகினு கீறேன். என்னைத் தெரியாமலா பூடும்?"

குணசேகரன் என்பவர்தான் அங்கே ஆள் எடுக்கும் அதிகாரி.

"சரி" என்றேன்.

இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒருநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். வாசல் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலாளியின் தங்கை மகன், மீசைகூட முளைக்காதவன், ஸ்கூட்டரில் வந்தான். அப்பா துள்ளி எழுந்து சல்யூட் அடித்தார். வலது கையில் சோறு இருந்ததால் இடது கையால். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லூரியில் யாராவது கேட்டால், "அப்பா கம்பெனியில் செக்யூரிட்டி செக்‌ஷனில் இருக்கிறார்" என்பேன். செக்‌ஷன்! இரண்டு மர ஸ்டூலும் ஒரு தண்ணீர்ப் பானையும்.

15-6-1988, புதன்

டைப் அடித்த விண்ணப்பத்தைத்தான் பிரித்தே பார்ப்பார்கள் என்கிறாள் ஞானகுமாரி. கோவில்பதாகையிலிருந்து வருகிறவள், கல்லூரியிலும் என்னோடு படித்தவள். அவளும் இதே வேலைக்குப் போடப்போகிறாள். இரண்டு பேரும் ஆவடியில் ஜம்புலிங்கம் சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் படிக்கிறோம். கீழே சைக்கிள் கடை, மேலே நாங்கள். பத்து மெஷின், ஐந்துக்கு மூச்சு உண்டு.

சாரிடம் இங்கிலீஷில் ஒரு லெட்டர் இருக்கிறது. வேலை என்று யார் வந்தாலும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். பேரும் விலாசமும் மாற்றி அப்படியே அடிக்க வேண்டும். சொந்தமாக எழுதுவதானால் அவர் மெஷினைத் தொடக்கூடாது. இன்று முதல்முறையாக அதை முழுசாகப் படித்தேன்.

தங்கள் மேன்மைமிகு நிறுவனத்தில் காலியிடம் இருப்பதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் வாயிலாக அறிந்தேன் என்று தொடங்குகிறது. நம்பத்தகுந்த வட்டாரம்! காக்கிச் சட்டை, சைக்கிள், மூன்றடுக்கு டிபன் கேரியர். எங்கள் வட்டாரம் அவ்வளவுதான்.

இரண்டாவது பத்தியில் நாங்கள் எல்லோரும் ஏழை, ஆனால் கௌரவமான குடும்பம். மூன்றாவது பத்தியில் எங்கள் எல்லோருக்கும் அப்பா காலமாகிவிட்டார். குடும்பம் முழுக்க எங்கள் தோளில். நான்காவதில் மேலதிகாரிகளுக்கு முழுத் திருப்தி அளிப்போம். கடைசியில் அவர்களுடைய நீண்ட ஆயுளுக்காக ஆண்டவனைப் பிரார்த்திப்போம். எனக்கு என்ன தெரியும், என்ன வேலை வரும் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.

"சார், எங்கப்பா இருக்காரு" என்றேன். அதைச் சொல்லவே எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

சார் நிமிரவில்லை. "இருக்கட்டும்மா. யார் வேணாம்னா? லெட்டர்ல இருக்கக்கூடாது."

ஞானகுமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்கப்பாவையும் காலி பண்ணிட்டாருடி. நேத்துதான் மனுசன் கோழி வாங்கினு வந்தாரு."

"சிரிக்காதே" என்றார் சார். "எழுபத்தொண்ணுல ஒரு பையன் இந்த லெட்டரைப் போட்டு பேங்க்ல சேந்தான். இன்னிக்கு மேனேஜர். அன்னிலேந்து இதுல ஒரு கமா மாத்தினதில்ல நான்."

அந்தப் பையனுக்கு அப்பா நிஜமாகவே இறந்திருப்பார். அந்த ஒரு சாவைத்தான் பதினேழு வருஷமாக ஆவடியில் வேலை தேடுகிறவர்கள் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்கிறோம். மாற்றினால் ராசி போய்விடுமாம். இவரை ஊரே மாஸ்டர் என்கிறது.

16-6-1988, வியாழன்

அடித்தேன். ஒரு தப்பில்லை. கையெழுத்தும் போட்டேன்.

17-6-1988, வெள்ளி

தபாலில் போட்டாயிற்று.

அம்மா சத்துணவுக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகக் கவரின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டாள். கல்யாணப் பத்திரிகையா இது என்றால், "நல்ல காரியத்துக்குப் போற காயிதம் மொட்டையாவா போவும்?" என்கிறாள். ஞானகுமாரியின் அம்மா லூர்தம்மாள் தன் பங்குக்கு மாதா கோயில் தீர்த்தம் தெளித்து விலாசத்தில் பாதி கரைந்துவிட்டதாம். இரண்டு பேரும் சேர்ந்து போஸ்ட் ஆபீஸில் சிரித்தோம்.

அப்பா கேட்டார்: "என் பேர போட்டுக்கினியா?"

"போட்டேன்."

"கேட்டுன்னும் போட்டியா? வீராசாமின்னு மெஷின் ஷாப்புலயும் ஒருத்தன் கீறான்."

"போட்டேன்பா."

சந்தோஷமாகப் போய்க் கைகால் கழுவினார்.

நான் ஏமாறவில்லை. இதை எங்காவது எழுதிவைக்க வேண்டும். மாஸ்டர் முட்டாள், ஆனால் அவர் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. அந்தப் பத்தியை அடிக்கும்போது நிறுத்தினேன். யோசித்தேன். அப்பா இல்லை என்று ஆகிவிட்டால், வாசலில் சல்யூட் அடிக்கிற ஆள் யாரோ, நான் யாரோ. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதனால் அடித்தேன்.

27-6-1988, திங்கள்

பதில் இல்லை. அப்பா தினமும் வந்து, "தபாலு உள்ள பூட்ச்சு, நானே வாங்கிக் குடுத்தேன், மஞ்சளப் பாத்தே கண்டுபுட்ச்சேன்" என்று அதையே சொல்கிறார். அவர் செத்துப்போன சேதியை அவரே வாங்கி உள்ளே கொடுத்திருக்கிறார்.

6-7-1988, புதன்

இன்டர்வியூ கார்டு வந்துவிட்டது. பதினொன்றாம் தேதி. ஞானகுமாரிக்கும் வந்திருக்கிறது. அப்பா கார்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பேருன்னா சும்மாவா?" என்று அம்மாவிடம் சொன்னார்.

11-7-1988, திங்கள்

நானும் ஞானகுமாரியும் பட்டரைவாக்கத்தில் ரயிலைவிட்டு இறங்கி நடந்தோம். அப்பாவுக்குக் காலை டியூட்டி. வெளுத்த காக்கி போட்டிருந்தார், நேற்று ராத்திரியே தேய்த்து வைத்தது. என்னைப் பார்த்ததும் லாரிக்கும் காருக்கும் மட்டும் திறக்கிற பெரிய கதவை முழுசாகத் திறந்துவிட்டார். இரண்டு பெண்கள் நுழைய!

"சின்ன கதவு போதும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். ஞானகுமாரிக்கு அவர் யார் என்று தெரியாது. சொல்லவும் இல்லை.

மொத்தம் ஆறு பெண்கள். முதலில் ஒரு பழைய பதிவேட்டைக் கொடுத்து, அதிலிருந்து இருபது விலாசங்களை உறையில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.

குணசேகரன் சாருக்கு வழுக்கை, மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். நிமிர்ந்து பார்க்காமல் பேசுகிறவர். படிப்பு கேட்டார். டைப்பிங் கேட்டார். பிறகு, "அப்பா இல்லையா?" என்றார்.

அவருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலில் வாசல் தெரிந்தது. அப்பாவின் முதுகு தெரிந்தது. ஒரு லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்" என்றேன்.

ஞானகுமாரி உள்ளே இருக்க, நான் மட்டும் வெளியே வரும்போது அப்பா ஓடிவந்தார்.

"என் பேர சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"தலையாட்டினாரு."

"நான் சொல்லல?"

12-7-1988, செவ்வாய்

ஆமா சார். ஆமா சார். வாயில எவ்ளோ சுலபமா வந்துச்சு. ராணி அக்காவுக்குப் பதில் சொல்லத் தெரியல, மாஸ்டர்கிட்ட பேசப் பத்து நிமிஷம் — இதுக்கு மட்டும் ஒரு நிமிஷம்கூட ஆகலை. கூச்சமாம் எனக்கு. கூச்சம் இல்லை இது. வேற என்னவோ. அதுக்குப் பேரு எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

20-7-1988, புதன்

வேலை கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

அம்மா அழுதாள். அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். ராணி அக்கா, "பரவால்லியே, நைனா பேருக்கு மவுசு கீது" என்று சர்க்கரை வாங்கித் தின்றாள். அப்பா சொன்னார்: "நீ சேந்து ஒரு நாலு நாள் போவட்டும். அப்பால நான் குணசேகரன் சாரு ரூமுக்குப் போயி ஒரு நன்றி சொல்லிட்டு வந்துர்றேன். ஒம்போது வருசத்துல அந்த ரூமுக்குள்ள போனதில்ல. ஒரு மாலை வாங்கினு போவட்டுமா, எலுமிச்சம்பழம் போதுமா?"

உத்தரவோடு ஒரு படிவம் வந்திருக்கிறது. தகப்பனார் பெயர். உயிருடன் உள்ளாரா.

23-7-1988, சனி

மூன்று நாளாக ஒரு கடிதம் எழுதப் பார்க்கிறேன். பேனாவை வைத்தால் 'மேன்மைமிகு' என்றுதான் வருகிறது. பதினைந்து வருஷம் படித்தவளுக்கு, இன்னார் மகள் நான், இது எனக்குத் தெரியும், வேலை கொடு என்று எழுத வரவில்லை. மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தேனே. அவராவது ஒரு லெட்டர் வைத்திருக்கிறார்.

கடைசியில் இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் எழுதினேன். நகல் இது:

'ஐயா, ஜூன் மாதம் நான் அனுப்பிய விண்ணப்பத்தில் என் தகப்பனார் காலமானதாக இருக்கிறது. அது பொய். நேரில் கேட்டபோதும் பொய் சொன்னேன். உங்கள் கம்பெனி வாசலில் காவல் வேலை பார்க்கும் வீராசாமியின் மகள் நான். இந்த வேலை காலியாவதாக எனக்குச் சொன்னவர் அவர்தான். அவர் பெயரை எழுதச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்ததால் எழுதவில்லை. நான் விலாசங்களைத் தப்பில்லாமல் எழுதுவேன். பதிவேட்டை அன்றன்றைக்கு முடித்து வைப்பேன். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வராது; எழுதிக் கொடுத்துவிடுவேன். உத்தரவை ரத்து செய்வதானால் செய்துவிடலாம்.'

பதினாறும் ஒன்றும் பதினேழு விண்ணப்பத்தில் சொல்லாததெல்லாம் இதில் இருக்கிறது. வேலை கிடைத்தபிறகு எழுதுகிறேன், அதை இழப்பதற்கு. இப்படி ஒரு புத்திசாலி.

25-7-1988, திங்கள்

அப்பாவுக்கு இந்த வாரம் இரண்டு மணி ஷிப்ட். காலையிலேயே போனேன். வாசலில் அப்பாவோடு காவல் வேலை பார்க்கிற மதுரைவீரன் அண்ணன் இருந்தார், "இப்பவே சேர வந்துட்டியா?" என்று கேலி பண்ணினார்.

குணசேகரன் சார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நான் அழக்கூடாது என்று மேஜைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்துபோய் ஒரு ஃபைலை எடுத்துவந்து, சீட்டுக்கட்டைப் போடுவதுபோல ஒவ்வொரு காகிதமாக என் முன்னால் போட்டார். எல்லாம் ஒரே லெட்டர். ஒரே மெஷின்.

"எண்ணிப் பாரும்மா" என்றார். "இந்த ஒரு போஸ்ட்டுக்கு ஆவடியில மட்டும் பதினோரு அப்பா செத்திருக்காங்க. காலரா வந்தாக்கூட இப்படி வராது."

எண்ணினேன். என்னுடையதும் அதில் கிடந்தது.

"நான் இதையெல்லாம் படிக்கிறதே இல்ல. பேரு, படிப்பு, விலாசம். அவ்ளோதான்."

"அப்ப... எங்கிட்ட ஏன் சார் கேட்டீங்க?"

"எல்லார்கிட்டயும் கேட்டேன். ஒரு பொண்ணாவது இல்ல சார், இருக்காருன்னு சொல்லுமான்னு. ஆறு பேரும் ஆமாம்தான்." சிரித்தார். "இருபது கவர்ல இருபதையும் சரியா எழுதினது நீ ஒருத்திதான். உன்னோட வந்த பொண்ணு திருவள்ளூருக்குப் போறதைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிடுச்சு. ஒண்ணாந்தேதி வா. ஃபார்ம்ல உள்ளதை உள்ளபடி எழுது."

அவ்வளவுதான். நான் கொன்றதும் வீண். கொன்றதை ஒப்புக்கொண்டதும் வீண். இந்த மனிதருக்கு அதெல்லாம் ஒரு வேடிக்கை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆறு பெண்களிடம் ஆறு அப்பாக்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்.

நான் கதவுவரை போனபிறகு கடிதத்தை மறுபடி பார்த்துக் கேட்டார்: "வீராசாமின்னா எது? குள்ளமா இருப்பானே, அவனா?"

"இல்ல சார். உயரமா இருப்பாரு."

"ஓ" என்றார்.

ஒன்பது வருஷம். தினமும் இரண்டு வணக்கம், வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று.

நான் அந்தப் பெயரை எழுதியிருந்தாலும் அவருக்கு அது ஒரு சொல்தான். அப்பாவுக்கு அதைச் சொல்ல முடியாது. இன்னொன்றும் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. வந்துவிட்டேன்.

26-7-1988, செவ்வாய்

ஞானகுமாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைத் திறந்தவர்தான் என் அப்பா என்பதையும். அவள் "அன்னிக்கு அவருக்கு ஒரு வணக்கம் சொல்லியிருப்பேனே, பாவி" என்று முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது. வேண்டியதுதான்.

1-8-1988, திங்கள்

சேர்ந்துவிட்டேன். படிவத்தில் எழுதினேன்: வீராசாமி. உயிருடன் உள்ளார்.

காலையில் சின்ன கதவு வழியாக நுழைந்தபோது அப்பா எழுந்து நின்றார்.

"உக்காருப்பா."

"ஸ்டாஃப் வந்தா எழுந்துக்கணும் மேடம். ரூல்ஸு. டியூட்டில கீறப்ப நான் உனக்கு அப்பன் இல்ல" என்று சிரித்தார். மதுரைவீரன் அண்ணனும் சிரித்தார். நானும் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

3-8-1988, புதன்

வேலை பிடித்திருக்கிறது. கோந்து வாசனையும் பிடித்திருக்கிறது. வரும் தபாலையும் நான்தான் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இன்று இரண்டு வேலை விண்ணப்பங்கள் வந்தன. ஜம்புலிங்கம் சார் மெஷின். பிரித்துப் படிக்காமலே எனக்கு மூன்றாவது பத்தி தெரியும். ஏற்றினேன்.

நேற்று மதியம் அப்பா ஒரு பார்சலை என் மேஜைவரை கொண்டுவந்தார். அந்தப் பக்கமாக வந்த குணசேகரன் சாருக்குச் சல்யூட் அடித்தார். சார் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். "பாத்தியா, என்னைப் பாத்து தலையாட்டினாரு" என்று அப்பா ரகசியமாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை போய் நன்றி சொல்வதாக முடிவு பண்ணிவிட்டார். சட்டை தேய்க்கப் போயிருக்கிறது.

இன்று மாலை குணசேகரன் சாரின் தட்டில், தபாலுக்கு நடுவில் ஒரு சீட்டு வைத்துவிட்டு வந்தேன். எழுதியது இதுதான்:

'ஐயா, வெள்ளிக்கிழமை என் தகப்பனார் உங்கள் அறைக்கு வருவார். உயரமாக இருப்பார். இடது காதுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கும். கையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். தன்னைத் தெரிந்ததால்தான் நீங்கள் எனக்கு வேலை கொடுத்தீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கே கேட்க நினைத்தேன், கேட்க வரவில்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், வா வீராசாமி என்று ஒருதடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.'